நின்றுபோன வாக்மேனை வீட்டிலேயே சரிசெய்வது: பெல்ட்டிலிருந்து ஹெட் வரை

பழைய வாக்மேன் ஒன்று அலமாரியிலிருந்து வெளியே வந்ததும் பெரும்பாலோர் உடனே இரண்டு பேட்டரியைப் போட்டு, கைக்குக் கிடைத்த கேசட்டை உள்ளே தள்ளி, ப்ளே பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அன்று கைக்குக் கிடைத்தது, அப்பா 1986-ல் மஸ்கட்டிலிருந்து பேசி அனுப்பிய கேசட். பாட்டிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது என்பதால் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவார். கொஞ்ச நேரம் குரல் வந்தது, பிறகு இழுவையாக மாறியது, பிறகு நின்றுவிட்டது. மூடியைத் திறந்தால் நாடா ரப்பர் உருளையைச் சுற்றி இறுகியிருந்தது. பதற்றத்தில் பிடித்து இழுத்தேன். ஒன்றரை அடி நாடா சுருங்கிக் கசங்கிப்போனது. கேசட் நாடா விநாடிக்கு 4.76 செ.மீ. ஓடும். ஒன்றரை அடி என்றால் ஏறக்குறைய பத்து விநாடிப் பேச்சு. அந்தப் பத்து விநாடி இன்றுவரை தெளியவில்லை.

அதனால் இந்த வழிகாட்டி ஒரே ஒரு விதியின்மேல் நிற்கிறது. வாக்மேன் இன்னொன்று கிடைக்கும், அந்த நாடா இன்னொன்று கிடைக்காது. கீழே உள்ள வேலைகள் அனைத்தும் முடியும்வரை உங்களுக்கு வேண்டிய கேசட் கருவியின் பக்கத்திலேயே வரக்கூடாது. போனாலும் கவலையில்லாத கேசட் ஒன்றைச் சோதனைக்கென்று ஒதுக்கிவைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

கேசட்டை ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் கொண்டுவந்தது. அதைக் காதோடு எடுத்துச் செல்லும் பெட்டியாக சோனி 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் விற்பனைக்கு விட்டது. டிபிஎஸ்-எல்2 என்ற அந்த முதல் வாக்மேனுக்கும், 90-களில் பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய ஏதோவொரு பெயர் போட்ட பெட்டிக்கும் அடிப்படை அமைப்பு ஒன்றுதான்.

ஒரு சிறிய மோட்டார் சுற்றுகிறது. அதன் தலையிலுள்ள சின்னப் புல்லியிலிருந்து ஒரு ரப்பர் பெல்ட் கனமான ஒரு சக்கரத்துக்குப் போகிறது. இது ஃப்ளைவீல். அதன் நடுவிலிருந்து மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பளபளப்பான மெல்லிய கம்பிதான் கேப்ஸ்டன். பிஞ்ச் ரோலர் என்ற ரப்பர் உருளை நாடாவை இந்தக் கம்பியோடு அழுத்திப் பிடிக்க, இரண்டுக்கும் நடுவே நாடா ஒரே சீரான வேகத்தில் இழுபடுகிறது. இழுபட்டு வரும் நாடாவை வலதுபக்கச் சுருள் சுற்றிக்கொள்ள வேண்டும். வழியில் நாடா, அதிலுள்ள பதிவைப் படிக்கும் ஹெட்டின்மேல் உரசிப்போகும்போது பாட்டு பிறக்கிறது.

வேகத்தைத் தருவது கேப்ஸ்டன், சுருள் அல்ல என்பதை மனத்தில் பதியவைத்துக்கொள்ளுங்கள். கேப்ஸ்டன் ஓடி, சுருள் நின்றால் என்ன ஆகும்? நாடா வெளியே தள்ளப்பட்டுக்கொண்டே இருக்கும், சுற்றிக்கொள்ள ஆள் இருக்காது. அது ரப்பர் உருளையில் சிக்கிக்கொள்ளும். எனக்கு நடந்தது அதுதான்.

தேவையானவை

சிறிய ஸ்டார் திருப்புளிகளில் ஒரு நுணுக்கம் உண்டு. ஜப்பானியக் கருவிகளின் திருகுகள் பார்வைக்குச் சாதாரண ஸ்டார் திருகுபோலவே இருக்கும். ஆனால் அவை ஜேஐஎஸ் எனும் ஜப்பானிய அளவு. நம் கடைகளில் கிடைக்கும் ஃபிலிப்ஸ் எனும் சாதாரண ஸ்டார் முனை அதில் முழுதாக உட்காராமல் மேலேறி, திருகின் தலையை வழித்துவிடும். ஜேஐஎஸ் முனை கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் முனை மழுங்காத புதுத் திருப்புளியால், திருகுவதைவிட அழுத்துவதில் அதிக பலம் கொடுத்துத் திறக்க வேண்டும். தலை வழிந்த ஒரு திருகு அரை நாளைத் தின்றுவிடும்.

மற்றவை எளியவை. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பஞ்சுக்குச்சி, பல்குத்தும் குச்சி, டிவீசர், மல்டிமீட்டர், கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே, தையல் மெஷின் எண்ணெய், மெல்லிய முனையுள்ள சால்டரிங் அயர்ன், ஈயக் கம்பி. சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே நடையில் எல்லாம் கிடைத்துவிடும். பெயின்ட் தின்னரும் நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனும் மேசையில் இருக்கவே கூடாது, பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். தேங்காய் எண்ணெயும் அப்படியே. வீட்டில் எது கிறீச்சிட்டாலும் நாம் முதலில் கைவைப்பது அதில்தான், ஆனால் நாளானால் அது பிசினாகிச் சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும்.

திறக்கும் முன் கேளுங்கள்

கேசட் போடாமல் மூடியைத் திறந்துவைத்து, புது பேட்டரியுடன் ப்ளே அழுத்துங்கள். மூடி திறந்திருந்தால் ஓடாத வகை என்றால் கண்ணாடிச் சாளரம் வழியே பாருங்கள். இந்த அரை நிமிடப் பார்வையிலேயே கோளாறு பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எந்தச் சத்தமும் அசைவும் இல்லையென்றால் மின்சாரம் மோட்டாருக்குப் போகவில்லை. பேட்டரித் தகடுகள், ப்ளே அழுத்தும்போது மூடும் சிறு சுவிட்ச், கடைசியாக மோட்டார் என்ற வரிசையில் தேடுங்கள். மோட்டார் ஓடும் மெல்லிய ரீங்காரம் கேட்கிறது, ஆனால் எதுவும் சுற்றவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், பெல்ட் அறுந்திருக்கிறது அல்லது உருகியிருக்கிறது. கேப்ஸ்டன் சுற்றி, வலது சுருள் நின்றால் பெல்ட் வழுக்குகிறது, அல்லது பற்சக்கரத்தில் விரிசல், அல்லது சுருளின் அடியிலுள்ள கிளட்ச் பலமிழந்திருக்கிறது. சுற்றும் வலது சுருளை விரல் நுனியால் மெல்லப் பிடித்துப் பாருங்கள். லேசான எதிர்ப்போடு வழுக்க வேண்டும், விட்டவுடன் மறுபடி சுற்ற வேண்டும். தொட்டதுமே செத்துப்போனால் அது நாடாவைத் தின்னும் பெட்டி.

டிக் டிக் என்று ஒழுங்கான தாளத்தில் சத்தம் வந்தால் ஏதோவொரு பற்சக்கரத்தில் விரிசல். சோனியின் டிடி வரிசைக் கருவிகளில் நடுவிலுள்ள பிளாஸ்டிக் சக்கரம் வயதானால் விரிவது அந்தக் கருவியை வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஒட்டுப்பசையால் அது நிலைக்காது, மாற்றுச் சக்கரம்தான் வேண்டும்.

ஒலிப் பகுதிக்கும் இதேபோல ஒரு சோதனை உண்டு. கேசட் இல்லாமல் ப்ளே அழுத்தி வால்யூமை மெல்ல ஏற்றுங்கள். ஹெட்போனில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் இரண்டு காதிலும் வந்தால் ஆம்ப்ளிஃபயர் உயிரோடு இருக்கிறது. ஒரு காதில் மட்டும் இல்லையென்றால் முதலில் வேறு ஹெட்போனை மாற்றிப் பாருங்கள். கருவியைக் கழற்றிவிட்டுக் கடைசியில் ஹெட்போன் ஒயர்தான் அறுந்திருந்தது என்று கண்டுபிடிப்பவர்கள் நிறையப் பேர்.

பேட்டரித் தகடுகள்

உள்ளேயே விட்டுவைத்த பென்சில் பேட்டரி கசிந்து, தகட்டில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருப்பதை அடிக்கடி பார்ப்போம். எலுமிச்சைச் சாறு தடவு என்று எல்லாரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. ஆல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது காரம், அதற்கு எலுமிச்சையோ வினிகரோ சரி. நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண பேட்டரிகளோ துத்தநாகம்-கரி வகை. அவற்றின் கசிவு அமிலத் தன்மையுடையது, அதற்கு மேலும் அமிலம் சேர்ப்பதில் பயனில்லை. தண்ணீரில் குழைத்த சமையல் சோடாதான் அதற்கு மருந்து. எந்த பேட்டரி இருந்தது என்று தெரியாவிட்டால் ஒரு துளி எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் ஆல்கலைன் கசிவு, நுரைக்காவிட்டால் சோடாவுக்கு மாறுங்கள்.

பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடைக்க வேண்டும், ஊற்றக்கூடாது. பிறகு ஈரத்துணி, அதன் பிறகு ஆல்கஹால். துரு ஆழமாக ஏறிய தகட்டை மிக மெல்லிய எமரித் தாளால் இரண்டு முறை தேய்த்தால் போதும். கசிவு ஒயர் வழியாகவும் ஊர்ந்துபோகும் என்பதை மறக்காதீர்கள். தகடு பளிச்சென்று இருந்தும் ஓடவில்லையென்றால், தகட்டின் பின்பக்க ஒயர் உறைக்குள் பச்சையாக அரிக்கப்பட்டிருக்கலாம். அந்த ஒயரையே மாற்றிவிடுங்கள்.

சரிபார்ப்பது எளிது. இரண்டு பேட்டரிக் கருவியில் ப்ளே ஓடும்போது போர்டில் பேட்டரி ஒயர் வந்து சேரும் இரண்டு இடங்களிலும் மல்டிமீட்டரை வையுங்கள். புது பேட்டரி என்றால் 3 வோல்ட்டுக்கு அருகில் காட்ட வேண்டும். பேட்டரியின் முனைகளில் 3, போர்டில் 2 என்று காட்டினால் அந்த ஒரு வோல்ட்டைத் தின்பது துருதான்.

அடாப்டரில் ஓட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிசி பின்னில் நடுமுனை பாசிட்டிவா நெகட்டிவா என்பது கருவிக்குக் கருவி மாறும். ஓட்டைக்கு அருகிலேயே சிறு படமாக அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் செருகாதீர்கள்.

திறப்பது

பின்மூடியில் நான்கிலிருந்து ஆறு திருகுகள் இருக்கும். நீளம் வேறுபடும். ஒரு தாளில் கருவியின் வடிவத்தை வரைந்து, எந்தத் திருகு எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே செலோடேப்பால் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு அடுக்கைத் தூக்கும் முன்னும் போனில் படம் எடுங்கள். திருகு எல்லாம் கழன்றும் மூடி வரவில்லையென்றால் பலத்தைக் காட்டாதீர்கள். பேட்டரி மூடிக்கு அடியிலோ கேசட் மூடியின் கீல் பக்கத்திலோ இன்னொரு திருகு ஒளிந்திருக்கும். அதுவும் இல்லையென்றால் பிளாஸ்டிக் கொக்கிகள். பழைய ஏடிஎம் கார்டை இடுக்கில் விட்டு நெம்புங்கள்.

மூடி கழன்றதும் போர்டு தெரியும். பல கருவிகளில் பெல்ட் போர்டுக்கு அடியில்தான் இருக்கும். போர்டைத் தூக்கும்போது ஹெட்டிலிருந்து வரும் முடிபோன்ற ஒயர்களும், பட்டை ஒயரும் சேர்ந்தே வரும். முழுதாகக் கழற்றாமல் புத்தகம் திறப்பதுபோல ஒருபக்கமாகச் சாய்த்தாலே பெரும்பாலும் பெல்ட்டுக்கு வழி கிடைத்துவிடும்.

பெல்ட்

இந்த வேலையின் நெஞ்சம் இதுதான். நின்றுபோன பத்து வாக்மேன் உங்கள் கைக்கு வந்தால் பெரும்பாலானவற்றுக்கு மருந்து இங்கே இருக்கும்.

முப்பது வருட ரப்பர் மூன்றுவிதமாகச் சாகும். தளர்ந்து நீளும், காய்ந்து வெடிக்கும், அல்லது தார்போல உருகும். முதல் இரண்டும் சுலபம், எடுத்துப் போட்டுவிடலாம். மூன்றாவதுதான் சோதனை. அந்தக் கறுப்புப் பிசின் கையில் பட்டால் போகாது, துணியில் பட்டால் துணி போச்சு. கையுறை போட்டுக்கொண்டு, பெரிய கட்டிகளை முதலில் பல்குத்தும் குச்சியால் வழித்தெடுங்கள். பிறகு ஆல்கஹால் நனைத்த பஞ்சு. மோட்டார் புல்லியின் பள்ளத்தை விட்டுவிடாதீர்கள். கடுகளவு பிசின் அங்கே ஒட்டியிருந்தாலும் புல்லியின் அளவு மாறி, ஒவ்வொரு சுற்றுக்கும் பாட்டு நடுங்கும். பஞ்சுக்குச்சி கறுப்பில்லாமல் திரும்பிவரும்வரை துடைக்க வேண்டும். எனக்கு ஒரு கருவிக்கு இருபது குச்சிகூட ஆகியிருக்கிறது.

பழைய பெல்ட் உருகிவிட்டால் புதியதன் அளவை எப்படித் தெரிந்துகொள்வது? தையல் நூல் ஒன்றைப் பெல்ட் போகும் அதே வழியில் மோட்டார் புல்லி, ஃப்ளைவீல், இடையில் வேறு சக்கரம் இருந்தால் அதையும் சேர்த்துச் சுற்றி, தளராமல் பிடித்து, இரு முனைகளும் சந்திக்கும் இடத்தில் வெட்டுங்கள். நூலின் நீளத்திலிருந்து 5 முதல் 7 சதவீதம் கழித்தால் பெல்ட்டின் உள்சுற்றளவு கிடைக்கும். நூல் 200 மி.மீ. என்றால் பெல்ட் ஏறக்குறைய 188 மி.மீ. கடையில் விட்டக் கணக்கில் கேட்டால் 188-ஐ 3.14-ஆல் வகுங்கள், 60 மி.மீ. பருமனுக்குப் பழைய பெல்ட்டின் மிச்சமோ புல்லியின் பள்ளமோ வழிகாட்டும். சதுர வெட்டுள்ள பெல்ட் என்றால் பெரும்பாலும் 1 மி.மீ.க்கு அக்கம்பக்கம்தான். தட்டைப் பெல்ட் இருந்த இடத்தில் தட்டையே போட வேண்டும்.

கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. இறுகிய பெல்ட் மோட்டாரின் தண்டை ஒருபக்கமாக இழுக்கும், பேட்டரியை வேகமாகக் குடிக்கும், குரலில் அலைவு ஏற்படுத்தும். ரப்பர் பேண்டைப் போட்டுப் பார்க்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள். அதன் பருமன் ஒரே சீராக இருக்காது, நாதஸ்வரமே அழுவதுபோலக் கேட்கும்.

மாட்டும் முறை:

1. ஃப்ளைவீலைத் தாங்கும் தகட்டை இரண்டு அல்லது மூன்று திருகு கழற்றித் தூக்குங்கள்.
2. ஃப்ளைவீலை நேராக மேலே உருவுங்கள். அதன் தண்டுதான் கேப்ஸ்டன். தண்டில் காகிதம்போல மெல்லிய வாஷர் இருக்கும், அது எந்தப் பக்கம் இருந்தது என்று குறித்துவையுங்கள். தொலைந்தால் தேடிக் கிடைக்காது.
3. தண்டையும் அது உட்காரும் குழியையும் ஆல்கஹாலில் துடைத்து, ஊசி முனையால் ஒரே ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் வையுங்கள். நாடாவைத் தொடும் மறுமுனையில் எண்ணெய் ஈரம் துளியும் இருக்கக்கூடாது.
4. புதுப் பெல்ட்டை ஆல்கஹால் நனைத்த துணியில் ஒருமுறை உருவிவிட்டு, முறுக்கு விழாமல் ஃப்ளைவீலில் போட்டு, டிவீசரால் மோட்டார் புல்லிக்கு இழுத்து மாட்டுங்கள்.
5. தகட்டைத் திரும்பப் பொருத்தும் முன் விரலால் ஃப்ளைவீலைப் பத்துச் சுற்று சுற்றுங்கள். பெல்ட் தன் இடத்தைத் தானே தேடி உட்காரும். எங்கும் உரசக்கூடாது.

ஆட்டோ ரிவர்ஸ் கருவியில் இரண்டு ஃப்ளைவீல்கள், எதிரெதிர்த் திசையில் சுற்றும். அதற்காகப் பெல்ட் ஒன்றின் மேலாகவும் மற்றதன் வெளிப்பக்கம் உரசியும் வளைந்து போகும். படம் எடுக்காமல் கழற்றினால் திரும்ப மாட்டும் புதிரை நீங்களேதான் அவிழ்க்க வேண்டும்.

நாடா போகும் பாதை

பெல்ட் மாட்டி எல்லாம் சுற்றுகிறது என்றதும் கேசட்டைப் போடும் ஆசை வரும். பொறுங்கள். சிக்கலின் மறுபாதி ரப்பர் உருளையில் இருக்கிறது.

பிஞ்ச் ரோலரில் பழைய நாடாக்களின் பழுப்புத் தூள் படிந்து கண்ணாடிபோல வழுவழுப்பாகியிருக்கும். ப்ளே ஓடும்போது ஆல்கஹால் தொட்ட குச்சியை அதன்மேல் லேசாக ஒற்றுங்கள், குச்சி கேப்ஸ்டனுக்கும் உருளைக்கும் நடுவே சிக்காத பக்கமாக. பழுப்பு வருவது நின்றதும் விட்டுவிடுங்கள். ரப்பரை ஆல்கஹாலில் ஊறவைத்தால் அது காய்ந்து வெடிக்கும். துடைத்த பிறகும் பளபளப்பு போகவில்லையென்றால் மிக மெல்லிய எமரித் தாளால் மேலோட்டமாக ஒருமுறை தேய்க்கலாம். விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்கிற, தொட்டால் பிசுபிசுக்கிற உருளைக்கு மாற்று ஒன்றே வழி.

கேப்ஸ்டன் கம்பியில் வளையம் வளையமாகப் படிந்திருக்கும் அழுக்கையும் எடுங்கள். ஹெட்டை நாடா ஓடும் திசையில் துடையுங்கள். பஞ்சு தவிர உலோகம் எதுவும் அதன் முகத்தைத் தொடக்கூடாது. நகத்தை வைத்துத் தடவினால் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் ஹெட் தேய்ந்துவிட்டது, பேச்சு கேட்கலாம், ஜால்ராச் சத்தம் கேட்காது.

இப்போது சோதனைக் கேசட். முதல் இரண்டு நிமிடம் கண்ணை வலது சுருளிலிருந்து எடுக்காதீர்கள். பின்னர் நிறுத்தி, கேசட்டை எடுத்து, நாடாவின் ஓரங்களைப் பாருங்கள். மடிப்போ அலைபோன்ற சுருக்கமோ இருந்தால் உருளை இன்னும் சரியாகவில்லை.

நாடா சிக்கிக்கொண்டால் நான் செய்த தவறைச் செய்யாதீர்கள். பேட்டரியை எடுத்துவிட்டு, உருளையை எதிர்த்திசையில் விரலால் திருப்பத் திருப்ப நாடா தானே அவிழ்ந்து வரும். அவிழ்ந்ததைக் கேசட்டின் ஓட்டையில் பென்சிலை விட்டுச் சுற்றி உள்ளே இழுங்கள்.

வேகம்

புதுப் பெல்ட் போட்ட பிறகு வேகம் சற்று மாறியிருக்கும். காதுக்குத் தெரியுமா? சுருதி பழகிய காதுக்கு உடனே தெரியும். வேகம் 6 சதவீதம் குறைந்தால் சுருதி அரைக் கட்டை இறங்கிவிடும். 5 கட்டையில் பாடியவர் 4½ கட்டையில் பாடுவார், குரலும் வயதானதுபோலக் கனத்துவிடும்.

அளக்க வீட்டிலேயே வழி இருக்கிறது. கேசட்டிலும் போனிலும் ஒரே பதிவாக உள்ள பாட்டு ஒன்றை எடுத்து, முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை இரண்டிலும் நேரம் பாருங்கள். போனில் 300 விநாடி, வாக்மேனில் 312 விநாடி என்றால் ஏறக்குறைய 4 சதவீதம் மெதுவாக ஓடுகிறது. இன்னும் நுட்பமாக வேண்டுமென்றால், சரியாக ஓடும் கேசட் டெக் வைத்திருக்கும் நண்பரிடம் 3000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஒரு நிமிடம் பதிவுசெய்து வாங்குங்கள். அதை வாக்மேனில் ஓட்டி, அதிர்வெண் காட்டும் போன் செயலியைப் பார்த்துக்கொண்டே திருத்தலாம்.

திருத்தும் திருகு சில கருவிகளில் மோட்டாரின் முதுகிலுள்ள துளைக்குள் இருக்கும், சிலவற்றில் போர்டில் சிறு வட்டமாக. தொடும் முன் அது இப்போது நிற்கும் இடத்தைப் பேனாவால் குறியுங்கள். கடிகாரத்தின் நிமிட முள் ஒரு நிமிடம் நகரும் அளவுக்கு மட்டும் திருப்பி, காத்திருந்து, மறுபடி அளவிடுங்கள். புது பேட்டரியுடன்தான் இதைச் செய்ய வேண்டும். திருத்தத் திருத்த வேகம் நிலைக்காமல் ஏறி இறங்கினால் குற்றம் திருகில் இல்லை. பெல்ட்டிலோ எண்ணெய் காய்ந்த மோட்டாரிலோ இருக்கிறது.

ஒரு காது கேட்கவில்லை

ஹெட்போன் பின்னைச் சுழற்றினால் ஒலி வந்து வந்து போகிறதா? ஜாக்கின் காலில் ஈயம் விரிந்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் செருகிப் பிடுங்கியதில் போர்டோடு சேரும் இடத்தில் மயிரிழை வளையமாக விரிசல் தெரியும். பேட்டரியை எடுத்துவிட்டு, காலைச் சூடாக்கி, துளி புது ஈயம் விட்டு இரண்டே விநாடியில் அயர்னை எடுங்கள். அதிக நேரம் சூடு காட்டினால் போர்டிலுள்ள செப்புப் பாதை உரிந்துவிடும், ஜாக்கின் பிளாஸ்டிக்கும் இளகும். ஈயம் நன்றாக இருந்தும் கோளாறு தொடர்ந்தால் ஜாக்கின் உள்தகடு தளர்ந்திருக்கும், ஜாக்கையே மாற்ற வேண்டும்.

வால்யூமைத் திருப்பும்போது கரகரப்பு வந்தால் அதன் இடுக்கில் கான்டாக்ட் கிளீனரை ஒரு சிறு பீச்சு விட்டு, இக்கோடிக்கும் அக்கோடிக்கும் முப்பது முறை திருப்புங்கள். அரை மணி நேரம் காயட்டும். ப்ளே சுவிட்ச் இரண்டு மெல்லிய தகடுகளாக இருந்தால், ஆல்கஹால் நனைத்த விசிட்டிங் கார்டுத் துண்டை நடுவில் விட்டு, தகடுகளை மூடி, மெல்ல உருவுங்கள். கறுப்புக் கோடு கார்டில் வந்துவிடும்.

ஹெட்டிலிருந்து வரும் ஒயர்களை மறக்கவேண்டாம். ஒவ்வொரு ப்ளேக்கும் ஹெட் முன்னே வந்து பின்னே போவதால் அந்த ஒயர்கள் ஆயிரக்கணக்கான முறை வளைந்திருக்கும். உறைக்குள்ளேயே அறுந்திருக்கலாம். மல்டிமீட்டரின் பீப் சோதனையால் ஒவ்வொன்றையும் முனையிலிருந்து முனைக்குப் பாருங்கள்.

இதையெல்லாம் தாண்டியும் ஒலி மங்கல், ஒரு பக்கம் குறைவு, சூடானால் மீன் வாடை என்றால் கெப்பாசிட்டர் கசிவு. 80-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் வந்த, போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டவைக்கும் சிறிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களுக்கு இந்த நோய் அதிகம். கசிந்த திரவம் கீழே உள்ள செப்பைத் தின்னும். மாற்றும்போது பாசிட்டிவ்-நெகட்டிவ் பக்கமும் மைக்ரோ ஃபாரட் அளவும் பழையதோடு பொருந்த வேண்டும், வோல்ட் பழையதற்குக் குறையக்கூடாது. ஆனால் உங்கள் முதல் கருவியில் இதைத் தொட வேண்டாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். செத்த ரேடியோ போர்டு ஒன்றை வாங்கி, பத்துக் கெப்பாசிட்டரைச் செப்பு உரியாமல் கழற்றிப் பழகிய பிறகு வாருங்கள்.

வேண்டிய கேசட்டைத் தயார்செய்தல்

கருவி முழு நாடாவையும் இருமுறை ஒழுங்காக ஓட்டிவிட்டது. இப்போதுதான் அந்தக் கேசட்டைக் கையில் எடுக்க வேண்டும். எடுத்தவுடன் வெளிச்சத்தில் பாருங்கள். நம் கடலோரக் காற்றில் கிடந்த கேசட்டுகளில் நாடாச் சுருளின் பக்கவாட்டில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருக்கும். இருந்தால் ஓட்டாதீர்கள். அது ஹெட்டிலும் உருளையிலும் ஏறி அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, திறந்த வெளியில், மென்மையான உலர்ந்த துணியில் நாடா உரசிப்போகும்படி கையாலேயே மெல்லச் சுற்றித் துடைக்க வேண்டும். பொறுமையைக் கேட்கும் வேலை, ஒரு மாலையாவது ஆகும்.

கேசட்டின் வாயில் நடுவே செம்புத் தகட்டின்மேல் சிறு கம்பளித் துண்டு இருக்கும், நாடாவை ஹெட்டோடு அழுத்துவது அதுதான். பசை காய்ந்து உதிர்ந்திருந்தால் பாட்டு மங்கிக் கேட்கும். உதவாத கேசட் ஒன்றிலிருந்து தகட்டோடு எடுத்து மாற்றலாம். திருகு போட்ட கேசட் என்றால் சுலபம். ஒட்டிய கேசட்டை ஓரத்தில் பிளந்து, நாடாச் சுருள்களை மட்டும் திருகு போட்ட வேறு கூட்டுக்கு மாற்றுங்கள். 90 நிமிட நாடா 60 நிமிட நாடாவைவிட மெல்லியது, கையாளும்போது அதை நினைவில் வையுங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கிறதா? இரைச்சலைக் குறைக்கும் டால்பி சுவிட்ச் போட்டிருந்தால் அணையுங்கள். அதன் பிறகும் அப்படியே இருந்தால் ஹெட்டின் சாய்வு பொருந்தவில்லை. ஹெட்டின் ஒரு பக்கம் ஸ்பிரிங்கோடு ஒரு திருகு இருக்கும். ஓடும்போதே அதைக் கால் சுற்றுக்குள் இப்படியும் அப்படியும் மெல்லத் திருப்பிக் கேளுங்கள், 'ச', 'ஷ' ஒலிகள் கூர்மையாகும் இடம் பிடிபடும். வீட்டில் பேசிப் பதிவுசெய்த கேசட்டுக்கு, பதிவுசெய்த டேப் ரெக்கார்டரின் சாய்வுக்கு ஏற்பவே இங்கேயும் அமையும், கடையில் வாங்கிய கேசட்டுக்கு அது பொருந்தாமல் போகலாம். அதனால் பழைய இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, பதிவு எடுத்த பிறகு திரும்ப வைத்து, ஒரு பொட்டு நகப்பூச்சால் அசையாமல் நிறுத்துங்கள்.

நன்றாகக் கேட்கத் தொடங்கிய முதல் ஓட்டத்தையே பதிவாக்கிவிடுங்கள். ஹெட்போன் ஜாக்கிலிருந்து கணினியின் லைன்-இன்னுக்கோ யுஎஸ்பி சவுண்ட் கார்டுக்கோ 3.5 மி.மீ. ஒயர் ஒன்று போதும், ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் போதும். வால்யூமைப் பாதியில் வையுங்கள். கேசட்டை முதலில் ஒருமுறை கடைசிவரை ஓட்டிச் சுற்றி, திரும்ப முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டுத் தொடங்கினால் ஒட்டிக்கொண்டிருக்கும் அடுக்குகள் பிரிந்து சீராக வரும். ஓடி முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். பேச்சைக் கேட்டுக்கொண்டே கண்ணை வலது சுருளில் வையுங்கள், அது நின்றால் அதே விநாடியில் ஸ்டாப் அழுத்த உங்கள் விரல் அங்கே இருக்க வேண்டும்.